பட்டதைப் பட்டறிவாக்கும் வேலை

"பட்டால்தான் தெரியும்" என்கிறோம். அதில் பாதிதான் உண்மை. பட்டும் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் அதே பள்ளத்தில் மூன்றாம் முறை விழுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டதிலிருந்து தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டவர்கள் அவர்களைவிட அதிகம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. அடுப்பு அணைந்து மாதக்கணக்கானாலும் போகாது. ஒரு நேர்காணலில் வாயடைத்துப் போனவர் அதன்பின் விண்ணப்பமே போடுவதில்லை. ஒரு தேர்வில் தவறியவர் "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவுகட்டிவிடுகிறார். சின்ன விபத்துக்குப் பிறகு வண்டிச் சாவியையே தொடாதவர்கள் உண்டு.

சறுக்கல் தன் பாட்டுக்கு யாரையும் வளர்த்துவிடுவதில்லை. அடுத்து வரும் சில வாரங்களில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது பட்டறிவாகிறது, இல்லையென்றால் வெறும் வடுவாக நின்றுவிடுகிறது. அந்த வேலையில் இரண்டு பகுதிகள். நடந்ததைச் சரியாக விசாரிப்பது ஒன்று; பயந்து விலகிய இடத்துக்கு அளந்து அளந்து திரும்பிப் போவது இன்னொன்று. முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் காரணங்களை அழகாக அடுக்குவார்கள், இருந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். இரண்டாவதை மட்டும் செய்கிறவர்கள் துணிச்சலாகப் போய் அதே கல்லில் மறுபடி இடறுவார்கள்.

முதல் இரண்டு நாள்: காரணம் தேடாதீர்கள்

விமான விபத்துகளை விசாரிக்க உலகப் பொதுவிதி ஒன்று இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-இல் முதலில் ஏற்றுக்கொண்ட 13-ஆம் இணைப்பு அது. விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்பது அதன் அடிப்படை. முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள் தருகிறார்கள். இறுதி அறிக்கையை முடிந்தால் 12 மாதத்துக்குள் வெளியிட வேண்டும். விபத்து நடந்த இடத்துக்குப் போகும் குழு அன்றைக்கே காரணத்தைச் சொல்வதில்லை. சிதறிக் கிடப்பதை அப்படியே பதிவு செய்கிறது, கருப்புப் பெட்டியைத் தேடி எடுக்கிறது. (பெயர்தான் கருப்பு. இடிபாடுகளுக்கு நடுவே கண்ணில் பட வேண்டும் என்று அதற்கு ஆரஞ்சு நிறம் அடித்திருப்பார்கள்.)

சொந்தச் சறுக்கலில் நாம் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். முடிவு வந்த அன்று இரவே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: "எல்லாம் என் தப்பு" அல்லது "எல்லாம் அவர்களுடைய சதி." இரண்டு தீர்ப்பிலும் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

அதனால் முதல் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அரைப் பக்கம், அதிகம் போனால் ஒரு பக்கம், நடந்ததை நேர வரிசையில் எழுதி வையுங்கள். ஒரு கேமரா அங்கே இருந்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்குமோ அது மட்டும். "சொதப்பிவிட்டேன்" என்பது பதிவு அல்ல. "இரண்டாவது கேள்விக்குச் சுமார் பத்து விநாடி பதில் சொல்லவில்லை, பிறகு கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னேன், அதற்குப் பின் மூன்று கேள்விகளுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னேன்" என்பது பதிவு. அந்த வாரத்து மின்னஞ்சல்கள், கணக்குகள், தயாரிப்புக் குறிப்புகள், நாட்காட்டி எதையும் அழிக்காதீர்கள். அவமானத்தில் முதலில் கை போவது அழிக்கும் பட்டனுக்குத்தான்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டால் நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும். உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் இதைச் சோதனைகளில் காட்டினார்: ஒரு விஷயத்தின் முடிவைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அந்த முடிவு முன்பே எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருந்ததுபோலத் தோன்றுகிறது. "இப்படித்தான் ஆகும் என்று அப்போதே தெரியும்" என்ற குரல் அங்கிருந்துதான் வருகிறது. அப்போது தெரியாது. தெரியாமல்தான் இறங்கினீர்கள். எதை அறிந்து, எதை அறியாமல் முடிவெடுத்தோம் என்பது இரண்டு வாரத்தில் கலைந்துபோகும். அதற்கு முன் காகிதத்தில் ஏறிவிட வேண்டும்.

இந்த இரண்டு நாளில் திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாமல் இருப்பது நல்லது. ராஜினாமாக் கடிதம், உறவை முறிக்கும் செய்தி, இருப்பதையெல்லாம் விற்றுவிடும் முடிவு போன்றவற்றை எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அனுப்பாமல் வையுங்கள். தூக்கம் இரண்டு இரவு சரியாக அமைந்த பிறகும் அதே முடிவு நியாயமாகப் பட்டால் அப்போது பார்க்கலாம்.

மரணம், வன்முறை, பேரிடர் போன்ற பேரிழப்புகளுக்கு இந்த முறை பொருந்தாது. அப்படிப்பட்ட நேரத்தில் பாதுகாப்பு, ஓய்வு, நம்பகமான ஒரு துணை, இவைதான் முதலில். நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி வழிகாட்டியும் வலியுறுத்துகிறது. "எல்லாவற்றையும் கொட்டிவிடு, சரியாகிவிடும்" என்று உட்கார்த்திவைத்துக் கேட்பது சிலருக்குக் கெடுதலாகவே முடியும்.

வலியை எழுதித் தீர்ப்பது வேறு, காரணத்தைத் தேடுவது வேறு

பதிவு முடிந்த பிறகும் உள்ளே புகைந்துகொண்டிருந்தால், விசாரணைக்குள் போகாதீர்கள். புகை நடுவே எதுவும் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு முறை உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ உதவி தேடிப் போனார்கள். அதன்பின் இந்த முறை பல வடிவங்களில் சோதிக்கப்பட்டிருக்கிறது. பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, ஆனால் செலவில்லாத முறை.

15 அல்லது 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். எழுத்துப்பிழை, வாக்கிய அழகு எதையும் பார்க்காமல் கையை நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லை என்றால் கடைசி வரியையே திரும்ப எழுதுங்கள். மூன்று அல்லது நான்கு நாளோடு நிறுத்திவிடுங்கள். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனமாகவே இருக்கும்; முதல் நாளில் பலர் இதைப் பார்த்து "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கனம் பொதுவாகச் சில மணி நேரத்தில் இறங்கும். அதனால் தூங்கப்போகும் முன் எழுதாதீர்கள்.

நான்கு நாளும் ஒரே கதையை ஒரே வார்த்தையில் எழுதிக்கொண்டிருந்தால் அது எழுத்து அல்ல, காகிதத்தில் நடக்கும் புலம்பல். முதல் நாள் "எப்படி இப்படி நடந்தது!" என்று தொடங்கியது மூன்றாம் நாளுக்குள் "ஏனென்றால்", "இப்போதுதான் புரிகிறது" என்ற பக்கம் கொஞ்சமாவது திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள்.

விசாரணை

ஒரு வாரம், பத்து நாள் கழித்து விசாரணைக்கு உட்காரலாம். அமெரிக்க ராணுவம் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நடத்தும் கலந்தாய்வு நான்கு கேள்விகளைச் சுற்றி நடக்கிறது: என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? எதைத் தொடர்வது, எதை மாற்றுவது? தனி மனிதருக்கும் இது போதும். மொத்தம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் போனால் அசைபோடுதலாக மாறிவிடும்.

முதல் கேள்வியிலேயே பலர் மாட்டிக்கொள்வார்கள். என்ன நடக்க வேண்டும் என்று தெளிவாக நினைத்திருக்கவே மாட்டார்கள். "நன்றாகப் படிக்க வேண்டும்", "தொழில் நன்றாகப் போக வேண்டும்" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. அப்படியானால் விசாரணையின் முதல் கண்டுபிடிப்பே அதுதான்: இலக்கு அளக்கக்கூடியதாக இல்லை. பாதை விலகியதை நடுவழியில் கவனிக்க எந்த வழியும் இல்லாமல் போயிருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் கரு. அங்கே வரும் பதில்களை ஒரு சல்லடையில் போட வேண்டும். "எனக்குத் திறமை போதாது" என்பது பதில் போலத் தெரியும். அதை வைத்து நாளைக் காலை செய்ய ஒன்றும் இல்லை. அதையே உடையுங்கள். எந்தப் பகுதியில்? எந்தக் கட்டத்தில்? எத்தனை மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு? "மூன்று மணி நேரத் தேர்வில் முதல் இரண்டு பகுதிக்கே இரண்டரை மணி நேரம் போனது, கடிகாரம் வைத்து முழுத் தாளையும் ஒருமுறைகூட எழுதிப் பார்க்கவில்லை" என்று வந்து நின்றால் அது காரணம். ஒரு செயலின் பெயர் வரும்வரை "ஏன்" கேட்டுக்கொண்டே போங்கள். குணத்தின் பெயர் வந்தால் இன்னும் தோண்ட வேண்டும் என்று அர்த்தம். சோம்பேறி, கோழை, அதிர்ஷ்டம் இல்லாதவன் எல்லாம் குணப்பெயர்கள். திருத்த முடியாதவை.

வந்த காரணங்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: என் கையில் இருந்தது, பாதி என் கையில் இருந்தது, என் கையிலேயே இல்லாதது. கடைசி வகையை மனதார விட்டுவிடுவதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முடிவு கெட்டதாக வந்தால் முடிவெடுத்த விதமும் கெட்டது என்று எடுத்துக்கொள்வோம். ஜோனதன் பேரனும் ஜான் ஹெர்ஷேயும் 1988-இல் இந்தச் சாய்வை ஆராய்ந்தார்கள்: எடுத்த முடிவும் அப்போது கையிலிருந்த தகவலும் ஒன்றாகவே இருந்தாலும், விளைவு மோசமாக முடிந்ததென்று சொன்னால் மக்கள் அந்த முடிவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். நன்றாகத் தயாராகி, நல்ல விண்ணப்பம் போட்டு, நூறு பேர் போட்டியிட்ட இடத்தில் கிடைக்காமல் போனால் மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அங்கே வரும் சரியான பாடம் "இன்னும் பத்து இடத்துக்குப் போடு" என்பது மட்டுமே. ஒவ்வொரு தோல்வியிலும் ஒரு ஆழமான பாடம் ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. சிலது வெறும் துரதிர்ஷ்டம். அதிலிருந்து பாடம் பிழிந்தால் சரியாக இருந்ததைக் கெடுத்துக்கொள்வோம்.

அடுத்தவர் கருத்தைக் கேட்கும்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "நான் ஏன் தேர்வாகவில்லை?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பொய்தான் கிடைக்கும், கேட்கப்பட்டவருக்கு அது சங்கடம். "அடுத்த முறை நான் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக்கொள்வதென்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசித்து ஒன்றைச் சொல்வார்கள். இருவர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை நம்பலாம்.

விசாரணையின் முடிவில் பட்டியல் நீளமாக இருக்கும். அதிலிருந்து ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு மட்டும் எடுங்கள். அதை "அப்படியானால் இப்படி" என்ற வடிவத்தில் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் முறை இது: எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று முன்கூட்டியே கட்டிவைத்த தீர்மானம், வெறும் ஆசையைவிட அதிகமாகச் செயலாகிறது. "இனி நேரத்தைக் கவனிப்பேன்" என்பதல்ல. "ஞாயிறு காலை உணவு முடிந்ததும் கடிகாரம் வைத்து ஒரு முழுத் தாள் எழுதுவேன்" என்பது. "பதில் தெரியாத கேள்வி வந்தால், 'யோசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள்' என்று சொல்வேன்" என்பது.

மறுபடி இறங்கும் முன் இன்னொரு அரை மணி நேரம். கேரி க்ளைன் 2007-இல் எழுதிப் பரவலாக்கிய யோசனை: வேலையைத் தொடங்கும் முன்பே, ஆறு மாதம் கழிந்து அது முழுதாகத் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று எழுதுவது. "என்ன தப்பாகலாம்?" என்று கேட்டால் நம் மனம் ஆறுதல் சொல்லும். "தப்பாகிவிட்டது, ஏன்?" என்று கேட்டால் மறைத்துவைத்ததையெல்லாம் வெளியே எடுக்கும். பயந்தவர்களுக்கு இந்த வேலை நன்றாக வரும். பயம் உருப்படியாகச் சம்பளம் வாங்கும் ஒரே இடம் இதுதான்.

பயந்த இடத்துக்குத் திரும்பிப் போவது

தவிர்ப்பது ஏன் இவ்வளவு இனிக்கிறது என்றால், அதன் கூலி உடனே கிடைக்கிறது. மேடை ஏற மறுத்த நொடியில் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அந்த நிம்மதியே பரிசு. பரிசு கிடைத்த செயல் திரும்ப வரும். கூடவே, போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாமலே போகிறது. அதனால் பயம் திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது, பக்கத்து இடங்களுக்கும் பரவுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மேடையில் தொடங்கியது கூட்டத்தில் கேள்வி கேட்பதற்கும், பிறகு தொலைபேசியை எடுப்பதற்கும் நீளும்.

1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் வெளியிட்ட ஒரு சோதனை புகழ் பெற்றது. தப்ப வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் தாண்டாமல் கிடந்தன. இன்றைக்கு அப்படியொரு சோதனையை யாரும் ஒப்பமாட்டார்கள். அதன் தொடர்ச்சியை அதிகம் பேர் சொல்வதில்லை. அந்த நாய்களைக் கயிறு கட்டித் தடுப்பின் அந்தப் பக்கத்துக்குப் பல தடவை இழுத்துப் போன பிறகுதான் அவை தாமாகத் தாண்டக் கற்றன. 2016-இல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள்: நீண்ட துன்பத்தில் செயலற்றுக் கிடப்பது கற்றுக்கொண்டதல்ல, அதுதான் இயல்பான எதிர்வினை, "என்னால் இதை மாற்ற முடியும்" என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. தோற்றபின் ஒன்றும் செய்யத் தோன்றாமல் கிடப்பது உங்கள் குணக்கேடு அல்ல என்று இதிலிருந்து ஓர் ஆறுதல். தைரியம் வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அது வராது என்பது கசப்பான மறுபாதி. கால்தான் முதலில் போக வேண்டும்.

எவ்வளவு தூரம் போவது என்பதற்குத்தான் அளவு வேண்டும். பயத்தை அளக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே கொடுத்த 0 முதல் 100 வரையிலான அளவுகோல் இன்றும் ஆலோசகர்கள் கையில் இருக்கிறது. 0 என்றால் முழு நிதானம். 100 என்றால் வாழ்க்கையில் அனுபவித்த மிக மோசமான பயம். இதை வைத்து ஒரு ஏணி கட்டுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு படி போதும்.

மேடையில் பாதியில் மறந்து நின்றவர் ஒருவருக்கு ஏணி இப்படி இருக்கலாம். தனி அறையில் இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது 25. நெருங்கிய நண்பர் ஒருவர் முன் அதையே நின்று பேசுவது 35. பத்துப் பேர் இருக்கும் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பது 45. அதே கூட்டத்தில் மூன்று நிமிடம் தகவல் சொல்வது 55. குறிப்புத்தாள் இல்லாமல் ஐந்து நிமிடம் 65. பேச்சின் நடுவே வேண்டுமென்றே ஐந்து விநாடி நிறுத்திவிட்டுத் தொடர்வது 75. "மன்னிக்கவும், எங்கே விட்டேன் என்று மறந்துவிட்டது" என்று வாய்விட்டுச் சொல்லி, தாளைப் பார்த்துத் தொடர்வது 85. தெரியாதவர்கள் நிறைந்த அரங்கில் பதினைந்து நிமிடம் 95.

75-லும் 85-லும் இருக்கும் அந்த இரண்டு படியைப் பலர் விட்டுவிடுவார்கள். மேடைப் பயத்தில் மறந்துபோவதுதானே பேய்? மறக்காமல் பேசி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் "நல்லவேளை, இன்று தப்பித்தோம்" என்றுதான் மனம் கணக்கு வைக்கும். மறந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்தால்தான் பேய் இறங்கும். எந்தப் பயமானாலும், பயந்த அந்த விளைவையே சிறிய அளவில் வரவழைக்கும் படி ஒன்றாவது ஏணியில் இருக்கட்டும். நிராகரிப்புக்குப் பயந்தவருக்கு, "முடியாது" என்ற பதில் வரக்கூடிய சின்ன வேண்டுகோள்கள். தவறு செய்யப் பயந்தவருக்கு, தெரிந்தே விடும் ஓர் எழுத்துப்பிழை.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன செய்யப்போகிறேன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அது நடக்கும் என்று எத்தனை சதவீதம் நம்புகிறேன். முடிந்தபின் நான்காவதாக, உண்மையில் என்ன நடந்தது. பயத்தை எழுதும்போது சரிபார்க்கக்கூடிய வார்த்தை வேண்டும். "கேவலமாகிவிடும்" என்றால் நடந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது. "குறைந்தது மூன்று பேர் சிரிப்பார்கள், நடுவில் எழுந்து போய்விடுவார்கள்" என்று எழுதினால் எண்ணிப் பார்க்கலாம். மிஷெல் க்ராஸ்க் போன்ற ஆய்வாளர்களின் வேலை இங்கேதான் நடைமுறையை மாற்றியது: பழைய பயநினைவு அழிவதில்லை, அதோடு போட்டியிடும் புதிய நினைவு ஒன்று உருவாகிறது, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தப் புதிய நினைவு ஆழமாகப் பதிகிறது. அதனால் பயம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டாம். நடுங்கிக்கொண்டே பேசி முடித்தாலும், பயந்தது நடக்கவில்லை என்றால் அன்றைய வேலை முடிந்தது.

வாரத்துக்கு மூன்று நான்கு தடவையாவது செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை ஏறினால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்.

சறுக்குகிற இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. 25-இல் தொடங்க வேண்டியவர் ஆவேசத்தில் 90-க்குத் தாவுகிறார். அடிபட்டு ஏணியையே தூக்கிப் போடுகிறார். அல்லது எளிதான படியிலேயே ஒரு மாதம் குடியிருக்கிறார். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடுவதுதான் மோசமானது, ஏனென்றால் ஓடியதால்தான் பிழைத்தோம் என்ற பழைய பாடம் இன்னொரு தடவை உறுதிப்படுகிறது. வெளியேற வேண்டிய நிலை வந்தால், அன்றே அல்லது மறுநாளே ஒரு படி கீழே இறங்கி அதைச் செய்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தவறு, ஒளிந்துகொண்டே போவது. முழுப் பேச்சையும் வரிவரியாக மனப்பாடம் செய்வது, யாரையும் பார்க்காமல் பின்சுவரைப் பார்த்துப் பேசுவது, கூடவே ஒருவரை அழைத்துப் போவது, கையில் தண்ணீர்ப் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொள்வது. போனது உண்மைதான். ஆனால் ஒன்றும் ஆகாததற்கான பெருமை பாட்டிலுக்குப் போய்விடும். முதல் ஓரிரு படிகளில் இவற்றை வைத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மூச்சுப் பயிற்சிகூட இப்படி ஊன்றுகோலாக மாறிவிடுவது உண்டு.

படபடப்பை அடக்க முயல்வதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது. ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பேசுவதற்கோ பாடுவதற்கோ முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயம் வேகமாக அடிப்பது பயத்துக்கும் உற்சாகத்துக்கும் பொதுதானே.

ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் வழக்கமான அறிவுரை தலைகீழ். அவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென இறங்குவதால் மயக்கம் வருகிறது. "தளர்வாக இருங்கள்" என்று சொன்னால் இன்னும் இறங்கும். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, 20 முதல் 30 விநாடி விட்டு, ஐந்து தடவை செய்வது லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கிய முறை. விடும்போது முழுதாகத் தளரக் கூடாது, இயல்பு நிலைக்கு வந்தால் போதும்.

பயம் திரும்பி வரும்போது

வரும். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் பீட்டர் என்ற சிறுவனின் முயல் பயத்தைப் படிப்படியாகக் குறைத்த கதை, இந்தத் துறையின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. கூண்டில் அடைத்த முயல் முதலில் அறையின் மறுகோடியில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில். கடைசியில் பையன் அதைத் தடவிக்கொடுத்தான். ஆனால் நடுவே அவன் உடல்நலமில்லாமல் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்தது. குறைந்திருந்த பயம் மறுபடி பழைய அளவுக்கு ஏறிவிட்டது. ஜோன்ஸ் மறுபடி தூரத்திலிருந்து தொடங்கினார்.

பழைய நினைவு அழியாமல் கிடப்பதால் இடம் மாறினாலோ, இடைவெளி நீண்டாலோ, வேறொரு அடி விழுந்தாலோ பயம் எட்டிப்பார்ப்பது இயல்பு. ஒரே அறையில், ஒரே நண்பர்கள் முன் மட்டும் பழகியவருக்கு இது சீக்கிரம் வரும். எனவே ஒவ்வொரு படியையும் வேறு இடம், வேறு ஆட்கள், வேறு நேரம் என்று கலைத்துப்போட்டுச் செய்யுங்கள். திரும்பி வந்துவிட்டால் இரண்டு படி கீழே இறங்கி ஏறுங்கள். இரண்டாம் தடவை ஏறுவது பெரும்பாலும் வேகமாகவே நடக்கும்.

வளர்ந்திருக்கிறோமா என்பதை உணர்வைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கல்ஹூனும் 1996-இல் துயரத்துக்குப் பிந்தைய வளர்ச்சியை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தந்தார்கள். ஆனால் பட்ரீஷியா ஃப்ரேசியரின் குழு 2009-இல் சோதித்தபோது, "நான் வளர்ந்துவிட்டேன்" என்று மக்கள் சொன்னதற்கும் நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்ததில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்து, அன்று செய்யாததில் இன்று எதைச் செய்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள். வலித்துக்கொண்டே இருந்தும் எண்ணிக்கை கூடியிருக்கலாம். கூடாமலும் இருக்கலாம், துன்பப்பட்டவர் வளர்ந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஏணி வேண்டாத இடங்கள்

உண்மையிலேயே ஆபத்து இருக்கும் இடத்துக்கு ஏணி போடாதீர்கள். அடிக்கிறவரிடம் பழகிக்கொள்வது, பாதுகாப்பில்லாத இயந்திரத்தில் வேலை செய்யத் துணிவது, கையில் இல்லாத பணத்தை மறுபடி பந்தயம் வைப்பது இவை வளர்ச்சி அல்ல. அங்கே பயம் சரியாகவே வேலை செய்கிறது. விலகுவதற்கான திட்டம்தான் தேவை.

தனியாகச் செய்யக் கூடாத நிலைகளும் உண்டு. பெரும்பாலான நாட்களில் சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால். அதிர்ச்சியான நிகழ்வு ஒரு மாதத்துக்குப் பிறகும் கனவாகவும் காட்சியாகவும் திரும்பத் திரும்ப வந்தால். தூக்கத்துக்கோ தைரியத்துக்கோ மது தேவைப்பட ஆரம்பித்தால். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நாள் கணக்கு பார்க்காமல் அன்றே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு அவசர உதவியை நாடுங்கள்.

போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். முதல் நாள் எழுதிய பதிவு, பயத்துக்குப் போட்ட எண்கள், எந்தப் படியில் நின்றுவிட்டது, அன்று எதை எதிர்பார்த்தீர்கள் என்பதெல்லாம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்திருக்கும். பயம்தான் சிக்கல் என்றால், படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பயிற்சி தருவாரா என்று நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பேசும் ஆலோசனை மட்டும் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.